கொட்டகைக்குக் கோட்டு போட்டவர்

ஜொகூரில் பிறந்தவர்களும், பிழைக்க வந்தவர்களும், வந்து வதங்கியவர்களும் ஒரு வாய்க் காற்று கிடைக்காதா என்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், காற்றோடு ஜென்மப் பகை வைத்திருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் குளிராண்டி.

பழனிக்கு ஓர் ஆண்டி இருக்கும்போது சிகாமட்டுக்கு ஓர் ஆண்டி கூடாதா என்று யாரோ வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் இருந்தது. ஆனால் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்க அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால், அவரும் கூட்டத்தோடு சேர்ந்து யார் அந்த ஆள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். ‘குளிராண்டி!’ என்றால்தான், “இருக்கேன் கிராணி ஐயா” என்று குரல் வரும்.

நான் அப்போது சிகாமட் ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அவர் வெள்ளைக்காரத் தொரையின் பங்களாத் தோட்டக்காரர். இடுப்பில் வேட்டி, மேலே தொரை கழித்துப்போட்ட கம்பளிக் கோட்டு. சீமையில் பனியில் நடப்பதற்காகத் தைத்த கோட்டு அது. அதைப் போட்டுக்கொண்டு இவர் உச்சி வெயிலில் பூச்செடிக்குக் களை எடுப்பார். எல்லாப் பொத்தானும் போட்டிருக்கும். ஒரு பொத்தான் விழுந்துபோன இடத்தில் ரப்பர் விதை ஒன்றைத் துளைத்துத் தைத்திருந்தார்.

அந்தப் பக்கம் போகிற கங்காணிக்கு வாய் சும்மா இருக்குமா?

“யோவ் குளிராண்டி, கோட்டுக்குள்ள ஆளு வெந்தாச்சா, இல்ல இன்னும் ஒரு கொதி வரணுமா?”

“வேவட்டும் கங்காணி. வெந்தது கெடாது. நனைஞ்சதுதான் கெடும்.”

இப்படி அவர் வாயில் விழுகிற வார்த்தைகளைப் பொறுக்கிக்கொள்வதற்காகவே நான் பங்களாப் பக்கம் வேலை வைத்துக்கொண்டு போவேன்.

எனக்கும் அவருக்கும் ஒரு யுத்தம் நடந்தது. ஆபீசின் பலகைச் சுவரில், என் நாற்காலிக்கு நேர் பின்னால், ஒரு சந்து உண்டு. அந்தத் தோட்டத்திலேயே எனக்கென்று ஆண்டவன் ஒதுக்கிய காற்று அது வழியாகத்தான் வரும். மண்ணெண்ணெய் வாங்க வருகிற குளிராண்டி அதில் தேங்காய் நாரைத் திணித்துவிட்டுப் போவார். நான் பிடுங்குவேன். அவர் மறுபடி வந்து திணிப்பார்.

“என் உசிரை ஏன்யா வாங்குறீங்க? உள்ள வேவுது!”

“வெயிலு சொல்லிட்டு வரும் ஐயா. குளிரு சொல்லாம குடி வரும். காத்தும் எறும்பும் ஒன்னு. ஒன்னே ஒன்னு வழி கண்டுக்கிச்சின்னா, பின்னாலயே குடும்பத்தோட வந்துரும்.”

ஒரு நாள் கங்காணியும் அங்கே இருந்தார். “அலமாக்! ஊர்ல இல்லாத குளிரு உனக்கு மட்டும் எங்கய்யா அடிக்குது?” என்று நேராகவே கேட்டுவிட்டார்.

குளிராண்டி திரும்பவில்லை. கட்டைவிரலால் நாரை அழுத்திக்கொண்டே சொன்னார். “எம் பொஞ்சாதி, எங்க பவுனோட ஆயி, அவளுக்குச் சொரம் கண்டப்ப மழைக்காலம். லயத்துப் பலகையில வெரலு போவுற சந்து. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. இருந்த சாக்கெல்லாம் போட்டேன் கங்காணி. இன்னொரு சாக்கு இருந்திருந்தா…” அதற்கு மேல் போகாமல், “இந்தச் சந்துக்கு இந்த நாரு பத்துமா, பாருங்க ஐயா” என்றார்.

நான் அதற்குப் பிறகு நாரைப் பிடுங்கவில்லை. கங்காணியும் கேலியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். விடவில்லை. மறுநாளே, “என்னய்யா, கோட்டு இன்னும் கொதிக்கலியா?” என்று ஆரம்பித்துவிட்டார். சில பேருக்கு வாய் ஒரு பக்கம் போகும், மனசு நொண்டிக்கொண்டு பின்னால் வரும்.

பவுனு அவருடைய ஒரே மகள். யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதைப் பற்றிப் பேச, கோட்டு, பொத்தான், ரப்பர் விதை சகிதம் சம்பந்தி வீட்டுக்குப் போனார். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். கடல் தாண்டி வந்தாலும் அந்த முறையை நம் ஜனங்கள் விட்டுவிடவில்லை. ஆனால் தாயே இல்லாதவளுக்குத் தாய் வீடு ஏது? குளிராண்டி, கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் ஓர் அறையில் மூன்று கட்டைப் பிரம்மசாரிகளோடு படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாள் எல்லாரும் கேட்கச் சொன்னாளாம்: “கூட்டிட்டுப் போயி எங்க வெப்பீங்க சம்பந்தி? கோட்டுக்குள்ளயா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பி வந்து இதை என்னிடம் சொல்லும்போதும் சிரித்தார். “அவங்க சொன்னதுல தப்பு இல்ல ஐயா. எங்கிட்ட இருக்குறது கோட்டுதானே. அதையே கொஞ்சம் பெருசாத் தெச்சாப் போச்சு.”

பங்களாவின் பின்பக்கம், செம்பருத்தி வேலிக்கு ஓரமாக, ஒரு மரக் கொட்டகை இருந்தது. மண்வெட்டி, புல் வெட்டும் கத்தரி, தொரை வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுகிற டென்னிஸ் வலை எல்லாம் அதற்குள் கிடக்கும். தகரக் கூரை. பகலில் உள்ளே போனால் அப்பளம் பொரியும். மழைக்காலத்தில் அதே அப்பளம் நமுத்துப்போகும். அதைக் கேட்பதற்குத்தான் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தொரை முன்னால் போய் நின்றார்.

தொரைக்குத் தமிழ் தெரியும். தமிழுக்குத்தான் அவரைத் தெரியாது. “லயம் இருக்குது. ஆஸ்பத்திரி இருக்குது. கொட்டகை ஏன்?”

“ஆஸ்பத்திரி தாய் வீடு ஆவுமா தொர?”

தொரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மழைக்கு உள்ள குளிரும் தொர. அதுக்கு சுவத்துக்குள்ள இன்னொரு சுவரு வெச்சு, நடுவுல ரொப்பப் போறேன்.”

தொரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “குளிரா? இங்கேயா? எங்க ஊர்லே பனிக்கு அப்படி செய்றாங்க. இங்கே உனக்கு மண்டை சூடு!”

“மண்டையில இருக்கு தொர. காலுக்கு வர மாட்டேங்குதே.”

அந்தப் பதிலுக்காகவே கொட்டகை கிடைத்தது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

மாலை வேலை முடிந்ததும் தொடங்குவார். ரப்பர் ஷீட்டு அடைத்துக் கப்பலேற்றும் பெட்டிகளில் உடைந்ததை எல்லாம் கேட்டு வாங்கி, பலகையைப் பிரித்து, பழைய சுவருக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி இரண்டாவது சுவர் அடித்தார். பெட்டி முத்திரைகள் உள்பக்கம் தலைகீழாகத் தெரியும்.

“சுவத்துக்கும் வவுறு உண்டு ஐயா. அதைக் காலியா விட்டா காத்து வந்து படுத்துக்கும். நாம ரொப்பிட்டா, வெளியில இருக்குற குளிரும் உள்ள வராது, வெளியில இருக்குற வெயிலும் உள்ள வராது. ரெண்டுக்கும் ஒரே பூட்டு.”

தகரத்துக்குக் கீழே அத்தாப்பு ஓலையை இரண்டு அடுக்காகக் கட்டினார். “மழை வந்தா கூரை பறையடிக்கக் கூடாது. தாலாட்டணும்.”

சுவரின் வயிற்றுக்கு முதலில் அவர் போட்ட தீனி இலவம்பஞ்சு. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீட்டு மரங்களில் பொறுக்கி வந்தது. கோட்டெல்லாம் பஞ்சாகி, கிழட்டு ஆடு மாதிரி திரிந்தார். பஞ்சு உள்ளே போன சில நாளில் சுவருக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். பலகையைப் பெயர்த்தால், ஓர் எலி மெத்தை போட்டுக் குட்டி போட்டிருக்கிறது!

கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “குளிராண்டி, தலைப்பிரசவம் ஆயிருச்சுய்யா! காப்பரிசி எங்க?”

குளிராண்டி குட்டிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகையை மெதுவாக, சத்தமில்லாமல், திரும்பச் சாத்தினார். “மொத பிரசவம் நல்லபடியா முடிஞ்சிருச்சு கங்காணி. ராசியான எடம்.” குட்டிகள் கண் திறந்து ஓடும்வரை அந்தப் பக்கத்தில் ஆணி அடிக்கவில்லை.

ஆனால் எலிக்கு மெத்தை போடுகிற பஞ்சு உதவாது என்று தெரிந்துபோயிற்று. அடுத்தது உமி. “உமியில எலி படுக்காது, குத்தும்.” சிகாமட் டவுனில் தவுக்கே என்று கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவரின் நெல் மில்லில் உமி மலையாகக் கிடந்தது. மாட்டு வண்டியில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சுவருக்குள் கொட்டிக் குத்தி நிரப்பினார். வெளிப்பலகைச் சந்துகளை ரப்பர் பால் ஊற்றி அடைத்தார். கொட்டகை நாறியது. ஆனால் ஊசி நுழைய இடமில்லை. அந்த வார உச்சி வெயிலில் என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆபீசைவிட அங்கே சுகமாக இருந்தது.

தவுக்கேயின் மில்லுக்குப் பல் தேய்ந்திருந்தது என்பதும், உமியோடு உமியாக முழு நெல்லும் விழுந்துகொண்டிருந்தது என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை வந்தது. அடியில் எங்கோ தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர் வெளியே போகாதபடி ரப்பர் பால் இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு காலையில் உள்பலகைச் சந்துகள் வழியே வரிசை வரிசையாக முளை எட்டிப் பார்த்தது. இருட்டில் வளர்ந்ததால் பச்சையாக இல்லை. பால் மஞ்சளாக, விரல் நீளத்துக்கு, பட்டுக் குஞ்சம் மாதிரி.

குளிராண்டிக்கு முகம் இருண்டது. “ஈரம் உள்ள வந்துருச்சு ஐயா. சுவரு நெல்லு மொளைச்சுச் சொல்லுது. பிரிச்சிட்டு மறுபடி ரொப்பணும்.”

பிரித்திருப்பார். ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த கங்காணி சம்சாரம் திறந்த கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

“அடியே! மொளப்பாரிடி! யாரும் வெதைக்காம, ஆத்தா தானா வந்து மொளைச்சிருக்காடி!”

அவள் போட்ட குலவை மூன்றாவது லயம்வரை கேட்டது. அரை மணி நேரத்தில் கொட்டகைச் சுவருக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை. பெண்கள் சுற்றி நின்று கும்மி அடிக்கிறார்கள். இருட்டறையில் வளர்த்த பால் மஞ்சள் முளை அம்மனுக்கு உரியதுதானே. ஊரில் கண்ட கண்ணுக்கு இது வேறென்னவாகத் தெரியும்?

தொரை இறங்கி வந்தார். “இங்கே என்ன கல்யாணம் நடக்குது?”

“அம்மன் வந்திருக்கு தொர” என்றார் கங்காணி, தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு.

தொரை யோசித்தார். “அம்மன் எப்போ போகுது? எனக்குப் புல் கத்தரி வேணும்.”

எப்போது போகும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. முளைப்பாரியை நினைத்த நேரத்தில் பிடுங்கக் கூடாது. பூசாரி உத்தரவு கேட்டு, அம்மன் பூக் கொடுத்து, ஆற்றில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். பூசாரியோ குளிர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அதுவரை சுவரில் கை வைத்தால் ஊருக்கு ஆகாது என்று பெண்கள் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். தொரையின் புல்தரை முழங்கால் உயரம் வளர்ந்தது.

“தாயி, எம் மவளுக்கு மாசம் ஆவுது. ஈரச் சுவத்துக்குள்ள எப்புடிக் கூட்டியாருவேன்? ஒதுங்குங்க தாயி” என்று கங்காணி சம்சாரத்திடம் கையெடுத்துக் கும்பிட்டார் குளிராண்டி.

“அண்ணே, பிள்ளை வரம் குடுக்குறவளே வந்து உக்காந்திருக்கா. அவளை எந்திரிக்கச் சொல்றீங்களே!”

அவள் பொல்லாதவள் இல்லை. முழு மனதோடு, பவுனுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டாள். அதனால்தான் அவளை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

“கொட்டகை கிடக்கட்டும், என் வீட்டுக்குக் கூட்டியாங்க” என்றேன் நான். என் வீடும் பலகை வீடுதான். அவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மனசுக்குச் சந்து இல்ல ஐயா, வீட்டுக்குத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் தோட்டம் ஓர் அதிசயம் கண்டது. குளிராண்டி கோட்டைக் கழற்றினார். கொண்டுபோய்ப் பூசாரிக்குப் போர்த்தினார். கஷாயம் வைத்துக் கொடுத்தார். “எந்திரிங்க சாமி. ஆத்தா காத்திருக்கா. எம் மவளும் காத்திருக்கா.” பூசாரி வேர்த்து எழுந்து, கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் நடுங்க வந்து, பூக் கேட்டார். அம்மன் கொடுத்தாள். முளையை எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு ஊர்வலம் ஆற்றுக்குக் கிளம்பியது. தூறல் விழத் தொடங்கியிருந்தது. குலவைச் சத்தம் வேலியைத் தாண்டுவதற்குள் இவர் கடப்பாரையால் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை எல்லாம் வேறு மாதிரி. அடிப்பலகையைக் கல் வைத்துத் தூக்கினார். ரப்பர் பாலைச் சுரண்டி எறிந்தார். கூரையோரம் சின்னச் சின்னத் துளை விட்டார். “ஆளுக்குத்தான் மூச்சு வேணும்னு நெனச்சிட்டேன் ஐயா. சுவத்துக்கும் வேணும்.” புது உமியைப் பெரிய வாணலியில் போட்டு வறுத்தார். மழையில் குடை பிடித்துக்கொண்டு உமி வறுத்த மனிதரை உலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. “இனிமே மொளை பாப்போம்!” என்று உமியை மிரட்டிக்கொண்டே கிளறினார்.

கதவுப் பக்கத்துச் சுவர் ஒன்றுதான் மிச்சம். அப்போது ஆறு கரை தாண்டியது.

சிகாமட் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோடு எங்கே, ஆறு எங்கே என்று தெரியாது. யோங் பெங் பக்கம் போக வழியில்லை. குளிராண்டி தினமும் தண்ணீர் ஓரம்வரை போய், கோட்டோடு நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து உமி வறுப்பார்.

தண்ணீர் வடிந்த பிறகு, பவுனு இருந்த தோட்டத்திலிருந்து ஓர் ஆள் தொடைவரை சேற்றோடு வந்து நின்றான். நான் பங்களாவில்தான் இருந்தேன். குளிராண்டி கதவுச் சுவருக்கு உமி குத்திக்கொண்டிருந்தார். வந்தவன் தலைத்துணியை அவிழ்த்தான். தாயும் இல்லை, பிள்ளையும் தங்கவில்லை என்று சொன்னான்.

குத்திய கையை நிறுத்தி அவர் கேட்டார். “குளிருதுன்னு சொன்னாளா?”

“சொல்லுச்சுங்க. நடுக்கம் நிக்கல. சாக்கு போட்டோம்.”

“எத்தினி?”

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. குளிராண்டி திரும்பி, மிச்சமிருந்த உமியை அள்ளிப் போட்டுக் குத்தி, பலகையை வைத்து, கடைசி ஆணிவரை அடித்து முடித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

அதில் அவர் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. நான் ஒரு தடவை, நல்ல மழையில், உள்ளே போய்ப் பார்த்தேன். வெளியே கொட்டுகிறது, உள்ளே அது யாரோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கிறது. தரை உலர்ந்திருந்தது. கதகதப்பு மட்டும், ஆள் இல்லாத வீட்டில், சும்மா உட்கார்ந்திருந்தது.

கங்காணி சம்சாரம் அந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை. கங்காணியின் வாய்கூட அந்த வருஷம் கொஞ்சம் துருப்பிடித்துக் கிடந்தது.

அடுத்த மழைக்காலம். கங்காணி நனைந்து ஓடிவந்து குளிராண்டி முன்னால் நின்றார். ‘யோவ்’, ‘யா’ போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. “அண்ணே… எங்க செவந்திக்கு வலி கண்டிருச்சு. வீட்டுக்குள்ள தண்ணி. நான் கேக்கக் கூடாது…”

கங்காணிக்குப் பின்னால் தூரத்தில், மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சம்சாரம் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

குளிராண்டி அவளைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். “நின்னுக்கிட்டே பேசுனா ஆவுமா? கூட்டியாங்க. ஈரக் காலோட மட்டும் உள்ள வராதீங்க.”

ஆண் பிள்ளை. கோட்டில் சுற்றித்தான் வெளியே காட்டினார்கள். பிள்ளையின் கன்னத்தில் ரப்பர் விதைப் பொத்தான் வட்டமாகப் பதிந்திருந்தது. குளிராண்டி அதுவரை வெறும் மேலோடு மழையில் நின்றார். “உள்ள குளிருதான்னு கேளுங்க” என்று மட்டும் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் எந்த லயத்துப் பெண்ணுக்கு மாசம் ஆனாலும் அந்தக் கொட்டகைதான். “தாய் வீட்டுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு ஜாடியும் துணியுமாகப் பங்களாவின் பின்பக்கம் வருவார்கள். தொரை புல் கத்தரியைத் தன் வராந்தாவிலேயே வைத்துக்கொண்டார். “இந்த மழைக்கு யார் வீட்டு அம்மன்?” என்று என்னைக் கேட்பார். என் மூத்தவளும் அங்கேதான் பிறந்தாள்.

குளிராண்டி போனது ஒரு மார்கழியில். அடைமழை. தோட்டத்து ஓரத்துச் சுடுகாட்டில் குழி வெட்ட வெட்ட, அடியில் தண்ணீர் ஊறியது. கோட்டோடுதான் கிடத்தியிருந்தார்கள். இறக்கப் போகும்போது கங்காணி கையை நீட்டித் தடுத்தார். “இருங்கடா. ஈரத்துலயா வெப்பீங்க? ஸ்டோர்ல சாக்கு இருக்கும், ஓடு.”

சாக்கு வந்தது. அடியில் விரித்தார்கள். அவரைக் கிடத்தி மேலேயும் போர்த்தினார்கள். மண் தள்ள மண்வெட்டியை எடுத்தவனைக் கங்காணி மறுபடி நிறுத்தினார்.

“இன்னொரு சாக்கு போடுடா.”

போட்டார்கள். அதற்கு மேலும் ஒன்று கேட்டார். மழை பெய்துகொண்டே இருந்தது. போதும் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.